லாஸ்கோ குகையை மூட வைத்தது ஃபிளாஷ் இல்லை

"டூரிஸ்டுகள் ஃபிளாஷ் அடித்து அடித்தே லாஸ்கோ குகை ஓவியங்கள் கெட்டுப்போய், குகையையே மூடிவிட்டார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் கொண்ட, பிரான்ஸில் உள்ள அந்தக் குகையை 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள், 1963-இல் மூடினார்கள். காரணம் கேமரா அல்ல, கூட்டம். உள்ளே போனவர்கள் விட்ட மூச்சில் கரியமில வாயுவும் ஈரமும் ஏறின. பார்வையாளர்களுக்காகப் போட்ட விளக்கு வெளிச்சத்தில் சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இதை மறைத்துப் பழியை ஃபிளாஷ் மேல் போட்டால் உண்மையான ஆபத்து கண்ணில் படாமலே போய்விடும்.

அதற்காக ஃபிளாஷ் போடலாம் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்தால் சாயம் வெளுத்தால் திரும்ப வராது, அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். அருங்காட்சியகங்களில் பழைய துணி, காகிதம் இருக்கும் அறைகளை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலாக வைப்பது அதனால்தான். ஃபிளாஷுக்குத் தடை இருந்தால் மதியுங்கள். படத்துக்கும் ஃபிளாஷ் உதவாது: கண்ணாடிப் பெட்டியில் பட்டு வெள்ளைத் திட்டாகத் திரும்பும், பின்னால் இருக்கும் பொருளே தெரியாது. கேமராவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனுக்கான அமைப்பு) கூட்டி, லென்ஸைக் கண்ணாடியில் படாமல் நெருக்கமாகப் பிடித்து எடுத்துப் பாருங்கள்.