பிள்ளையின் சொட்டு மருந்து பாட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் பள்ளியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வரும் பையன்கள் கூடிவிடுவார்கள். கண் அலர்ஜி. அரிப்பு தாங்காது, வெளிச்சம் கூசும், நூல் நூலாகப் பீளை வரும். டாக்டர் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு எழுதித் தருவார். இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்துவிடும். தேவையான மருந்துதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு அப்புறம் நடப்பதுதான் பயமாக இருக்கிறது.

அடுத்த முறை கண் சிவந்ததும் பழைய பாட்டிலை மெடிக்கல் ஷாப்பில் காட்டி அதையே வாங்கிவிடுகிறோம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. பெற்றோரைக் கேட்டால், "இவனுக்கு இதுதான் சார் கேட்கும்" என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே நான் விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேற நுண்ணிய சல்லடை மாதிரி ஒரு பாதை உண்டு. ஸ்டீராய்டு அந்தப் பாதையைச் சிலருக்கு இறுக்கிவிடுகிறது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும் கண் அழுத்தம் சில வாரங்களிலேயே ஏறலாம். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவும் ஏறலாம். பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. கண் வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். பார்வை ஓரத்திலிருந்து குறைவதால் பிள்ளைக்கும் தெரியாது. அப்படிப் போன பார்வை திரும்பி வராது. இதே மருந்தால் கண்ணில் புரையும் விழலாம். அதையாவது ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம்.

அதனால் ஆரம்ப அடையாளத்தைக் கண்ணில் தேடிப் பயனில்லை, வீட்டில்தான் தேட வேண்டும். 5 மி.லி. பாட்டிலில் சுமார் 100 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு நான்கு வேளை விட்டால் பன்னிரண்டு நாள் வரும். மாதக்கணக்கில் பாட்டில் மாறிக்கொண்டே இருக்கிறதா? சொட்டு விடுவதை நிறுத்தினால் இரண்டே நாளில் சிவப்பு திரும்புகிறதா? பையனே புத்தகப் பையில் வைத்துக்கொண்டு தோன்றும்போதெல்லாம் விட்டுக்கொள்கிறானா? அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்கும் விடுகிறீர்களா? இதில் ஒன்று இருந்தாலும் போதும், கவனிக்க வேண்டும்.

லேபிளையும் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் ஸ்டீராய்டு. பல நேரம் ஆன்டிபயாடிக் பெயருக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். மெட்ராஸ் ஐ வந்தால் கடையில் கேட்டு வாங்கி விடுவது பாருங்கள், அதிலும் இந்தக் கலவைதான் பல தடவை கைக்கு வருகிறது. கதிர் அறுக்கும்போது நெல் சுணை பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவர் இதை விட்டால் புண் இன்னும் மோசமாகும்.

தாய்மாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும், எப்போது அழுத்தம் பார்க்க வர வேண்டும் என்பதை டாக்டர்கள் சீட்டிலேயே தமிழில் எழுதித் தரலாம். கடைக்காரர்கள் சீட்டு இல்லாமல் தர மறுக்கலாம். இந்த இரண்டும் நடந்தாலே பாதிப் பிள்ளைகள் தப்பிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஏற்கனவே மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, "கண் பிரஷர் பார்க்கணும்" என்று நீங்களே கேளுங்கள். சில நிமிட வேலைதான். அலர்ஜிக்கு ஸ்டீராய்டு இல்லாத சொட்டுகளும் இருக்கின்றன, அதையும் கேளுங்கள்.