‘மேட்டரை பாமினில கொண்டாங்க சார்’

நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடித்துக் கொண்டுபோன கல்யாணப் பத்திரிகை மேட்டரை, ஒரு டிடிபி கடையில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பேப்பரில் பிரிண்ட் எடுத்தேன். அந்தப் பேப்பரை மானிட்டர் ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு, அதே கடையில் வேலை செய்யும் பெண் அதே எழுத்துகளை முதல் எழுத்திலிருந்து மறுபடி அடித்தாள். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இன்று காலை பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தது. ஒரு மணிக்கு மேல்தான் வெளியே வந்தேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, ஏதாவது ஒன்றுக்குத் தமிழில் நாலு வரி அச்சடிக்கப் போன யாரும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது.

அக்கா மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். தாய்மாமன் நான், அதனால் பத்திரிகை என் தலையில். எங்கள் பக்கத்துப் பத்திரிகையைப் பற்றித் தெரியும்தானே? ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ஒடுகத்தூர் சித்தப்பா, கே.வி.குப்பம் அத்தை, பேர்ணாம்பட்டு பெரியம்மாவின் மருமகன், சேண்பாக்கத்துச் சம்பந்தி என்று அறுபத்து நாலு பெயர். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்க பேருல மூணு சுழியா ரெண்டு சுழியா என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். தலைப்பில் எங்கள் குலதெய்வம் படவேட்டு ரேணுகாம்பாள் துணை. எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்று அக்காவுக்கு இரண்டு தடவை முழுசாகப் படித்துக் காட்டினேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த ஃபைல்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர். முன்னால் இருப்பது வாட்ஸ்அப் பார்க்க, ஆதார் பிரிண்ட் எடுக்க. அதில் என் ஃபைல் அழகாகத் திறந்தது. ரேணுகாம்பாள் ரேணுகாம்பாளாக இருந்தாள், சேண்பாக்கம் சேண்பாக்கமாக இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னிடமே பென்டிரைவ் கேட்டு வாங்கி, ஃபைலை அதில் போட்டு, உள் அறையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினாள். திறந்தாள். திரை முழுக்கக் கட்டம். வரிசை வரிசையாக வெறும் கட்டம்.

“சார், இது யூனிகோடு சார். மேட்டரை பாமினில கொண்டாங்க சார்.”

“ஏம்மா, முன்னாடி மெஷின்ல நல்லாத்தானே தெரிஞ்சுது?”

“அது நெட் மெஷின் சார். பேஜ்மேக்கர் இதுலதான் ஓடும். இதுல யூனிகோடு வராது.”

அந்த மெஷின் விண்டோஸ் எக்ஸ்பி. பச்சைப் புல்வெளியும் நீல வானமும் அப்படியே இருக்கின்றன. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதற்குப் பின்னால் வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-இல் முடித்துவிட்டார்கள். மூன்று தலைமுறை வந்து போய்விட்டது, இந்த மெஷின் மட்டும் அசையவில்லை. காரணம் பேஜ்மேக்கர் என்கிற, பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பு 7, வந்த வருஷம் 2001. அதற்கு யூனிகோடு என்றால் என்னவென்றே தெரியாது. இந்த ஒரு மென்பொருளுக்காக மெஷினை மாற்றவில்லை, மெஷினுக்காக ஃபாண்டை மாற்றவில்லை. கடைசியில் மாற வேண்டியவன் வாடிக்கையாளன்!

பாமினி என்கிற அந்தப் பழைய தமிழ் ஃபாண்ட் என்ன செய்கிறது என்று தெரியாதவர்கள் ஒரு நிமிஷம் பொறுமையாகக் கேளுங்கள், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் போய் உட்காருவது அம்மா இல்லை. ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, திரும்ப ஒரு கே, ஒரு ஹெச். அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது ஃபாண்ட். ஃபாண்ட் இருக்கிற மெஷினில் அம்மா, இல்லாத மெஷினில் எம்கே அரைப்புள்ளி கேஹெச். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் ஒதுக்கிய பொதுமுறை, அதில் அ என்றால் அ. அது எந்த ஊர் மெஷினுக்குப் போனாலும் அ-தான். தமிழுக்கு இந்த இடம் கிடைத்தது 1991-இல். முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது! தமிழ்நாடு அரசே 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதற்கப்புறமும் நான் எம்கே அரைப்புள்ளியில் என் வீட்டுக் கல்யாணத்தை எழுதிக் கொண்டுவர வேண்டுமாம்.

“கன்வர்ட் பண்ண முடியாதாம்மா?” என்று கேட்டேன். பண்ணினாள். முன் மெஷினில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, என் மேட்டரை ஒட்டி, பட்டனைத் தட்டி, வந்ததைப் பென்டிரைவில் போட்டு உள்ளே எடுத்துப் போனாள். இந்தப் பென்டிரைவ் நடை மட்டும் ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் நானும் அவள் பின்னாலேயே போய்க் குனிந்து பார்க்கிறேன்.

வந்ததைப் பார்த்தால் ரேணுகாம்பாளுக்கு முன்னால் இருந்த ஸ்ரீயைக் காணோம், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. சேண்பாக்கத்தில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு ஒரு வீடு தள்ளிப்போய் ண்-ணுக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடில் ச முதலில், கொம்பு அப்புறம். பாமினியில் பழைய டைப்ரைட்டர் போலக் கொம்பைத் தட்டிவிட்டுத்தான் ச-வைத் தட்ட வேண்டும். அந்தக் கன்வர்ட்டர் வரிசையை மாற்றாமல் அப்படியே கொட்டியிருக்கிறது. பெரியப்பா, பெரியம்மா, மேளதாளம், வேலூர், எதிலெல்லாம் கொம்பு இருக்கிறதோ அதெல்லாம் நாசம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் கொம்பில்லாத வரி எத்தனை இருக்கும்?

அப்போது கடைக்காரர் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “உங்க ஃபைல்லதான் சார் ப்ராப்ளம். இருவது வருசமா நாங்க இப்டித்தான் ஓட்டிகினு இருக்கறோம். யூனிகோடுல ஸ்டைல் வராது. ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடுங்க, பாத்து அடிச்சிருவாங்க.”

என் ஃபைலில் ப்ராப்ளமா? என் ஃபைலை என் போனில் திற, என் அக்கா போனில் திற, பள்ளிக்கூடத்துப் பையன் போனில் திற, உன் கடையிலேயே முன் மேசையில் திற, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி படிக்கலாம். இந்த உள் அறைக்குள் மட்டும் படிக்க முடியாது என்றால் ப்ராப்ளம் யாரிடம்? ஸ்டைல் வராதாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலேயே யூனிகோடு ஃபாண்ட்டுகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸ் என்கிற மென்பொருளுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குகிற வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இந்திய எழுத்துகளுக்கு 2012-லேயே வழி வந்துவிட்டது. ஏன், அந்த எக்ஸ்பிகூடத் தமிழ் காட்டும். கன்ட்ரோல் பேனலில் மொழிப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் போட்டு, அது கேட்கிற சிடியைப் போட்டால் கட்டம் போய் எழுத்து வரும். இருபது வருஷமாக அந்த ஒரு டிக்கை யாரும் போடவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடிக்கிறாள். விரல்கள் கீபோர்டில் இருப்பதே தெரியவில்லை, மழை ஓட்டின்மேல் விழுகிற மாதிரி சத்தம் மட்டும் கேட்கிறது. கொம்பு, மெய், கால், புள்ளி என்று கைக்கு மனப்பாடம். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவளாம். அப்படிப்பட்ட கையை, ஏற்கெனவே அடித்து முடித்த ஒன்றைத் திரும்ப அடிக்க உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பத்திரிகை என்று கேட்டேன். “எல்லாமே இப்டித்தான் சார் வரும். போன்ல அடிச்சுக் கொண்டாருவாங்க, நான் பாத்து அடிப்பேன்.”

எவ்வளவு வேகம் இருந்தாலும் திரும்ப அடித்தால் பிழை வரத்தான் செய்யும். முதல் ப்ரூஃபில் ஒன்பது பிழை. ஒடுகத்தூர் ஓடுகத்தூர் ஆகியிருந்தது. திருத்தினோம். இரண்டாவதில் திருத்திய இடத்தில் புதுசாக இரண்டு. மூன்றாவதில் ஒரு வரியையே காணோம், அதுவும் மாப்பிள்ளை வீட்டு வரி! அது மட்டும் அச்சாகியிருந்தால் என் கதி என்னவென்று நினைத்தாலே வியர்க்கிறது. நான் வீட்டில் திருத்தி முடித்த பிழைகளை எல்லாம் கடையில் நின்று இரண்டாம் முறை திருத்தினேன்.

இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிடிஎஃப் அனுப்பியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் குழுவில் முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் மட்டும் எழுத்தாகப் போடலாம் என்று அதிலிருந்து நாலு வரி காப்பி செய்து ஒட்டினேன். வந்து விழுந்தது ஜேகேபிஓ அரைப்புள்ளி. கண்ணால் பார்த்தால் மணமகள் பெயர். தொட்டு எடுத்தால் குப்பை. எங்கள் அம்மாவின் பெயர் ‘கௌ’ என்று தொடங்கும். அம்மா இப்போது இல்லை. பத்திரிகையில் அவர் பெயரைப் போடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பெயரை அதே பிடிஎஃபில் தேடிப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிட்டது.

நைனா, அதாவது எங்கள் அப்பா, ஞாபகம் வந்துவிட்டது. நைனா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2003-இல் எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி நாற்பது பக்கம் கையால் எழுதி, ஆற்காட்டில் ஒரு கடையில் அடிக்கக் கொடுத்தார். திருவிழா நடக்கும் முறை, எந்தெந்தக் குடும்பத்துக்கு என்ன உரிமை, வறட்சி வந்த வருஷங்களில் பாலாற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த கதை, எல்லாம் அதில் இருந்தது. அச்சுக்குப் பணம் சேரவில்லை. ஃபைலை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் பிரதி ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. சிடி என்னிடம் இருக்கிறது. அது இன்னும் திறக்கிறது. நாற்பது பக்கமும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கடை தனக்கென்று வைத்திருந்த ஏதோ ஒரு ஃபாண்டில் அடித்திருக்கிறார்கள். கடையும் இல்லை, ஃபாண்டும் இல்லை. பாமினியா, வானவில்லா, இன்னும் வேறு எதெதுவோ, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், எதிலும் எழுத்து கூடவில்லை. நைனா எழுதிய நாற்பது பக்கமும் எனக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரிகிறது. அதற்காகத்தான் இன்று அந்தக் கடையில் கத்தினேன், கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

சாயங்காலம் பென்டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். உள்ளே இருந்த அத்தனை ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. அந்த உள் அறை மெஷினின் வைரஸ். மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் அதில்தான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். அழுவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

இது போதாது என்று மார்க்கெட் கதை வேறு. கடையிலிருந்து திரும்பும்போது நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்று கூவி விற்ற ஆளிடம் ஒரு கிலோ வாங்கினேன். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து கண்ட கத்திரிக்காய்க்கும் அந்தப் பெயர்தான், விலையும் ஏறிவிட்டது. வீட்டில் பையைக் கவிழ்த்ததும் என் மனைவி ஒரு காயை எடுத்துக் காம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “முள்ளு எங்க?” என்று கேட்டாள். நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.