12 துணியும் நாலு கையும்

எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் குழந்தைக்கு 12 துணி தேறும். அகலத்தில் 2, நீளத்தில் 6. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் சதுரம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 15, 20 தடவைகூட நனைக்கும். அதனால் இரண்டு வேட்டி கிழித்தால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓடும். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை என்று தறிச்சத்தத்தில் தூங்கி எழுந்த சேலத்து வீடுகளில் துணிக்கா பஞ்சம்? வளைகாப்பு முடிந்த கையோடு பழைய வேட்டி மூட்டை பரணிலிருந்து இறங்கிவிடும்.

ஏன் பழசு? சென்டிமென்ட் ஒன்றும் இல்லை. தறியில் இழை அறாமல் ஓட பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சியும் பஞ்சிலேயே இருக்கிற மெழுகும் போகிற வரை புதுத் துணி தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், முத்து மாதிரி உருண்டு நிற்கும். ஐம்பது தடவை துவைத்த வேட்டியில் சொட்டு விழுந்ததும் பரவிவிடும். புதுசுதான் கிடைக்கிறது என்றால் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, நாலைந்து தடவை அலசிவிட்டு, இதே சொட்டுச் சோதனையைச் செய்யுங்கள். இன்னொன்று, இப்போது கடைக்கு வரும் பல வேட்டிகளில் பாலியஸ்டர் கலப்பு. ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்படும். மணி வந்தால் அந்த வேட்டி குழந்தைக்கு ஆகாது.

இத்தனையும் சொல்வதால் நான் துணிக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள், பெற்றவள் காதில் விழுகிற மாதிரி, "நாங்கெல்லாம் இந்தப் பேம்பர்ஸ் போட்டா புள்ளைய வளத்தோம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. (எந்தக் கம்பெனி டயப்பராக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பேர் பேம்பர்ஸ்தான்.) நீங்கள் பேம்பர்ஸ் போடவில்லை, உண்மை. ஆனால் உங்கள் துணிக்குப் பின்னால் நாலு கை இருந்தது. அம்மாயி ஒருத்தி, சித்தி ஒருத்தி, பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி. துணி நனைந்ததும் குழந்தைக்குச் சில்லென்று தெரியும், அழும், யாரோ ஒருத்தர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். தோலைக் காப்பாற்றியது துணி இல்லை, அந்த ஐந்து நிமிடம். அதே துணியை இரண்டு மணி நேரம் நனைந்தபடி விட்டால் டயப்பரைவிட மோசமாகப் புண்ணாகும். இன்று மூன்றாவது மாடியில் தனியாக, சிசேரியன் தையலோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கைகளின் இடத்தில்தான் டயப்பர் வந்து நிற்கிறது.

துணி கட்டுவதில் நம் முறை ரொம்பச் சிக்கனம். அரைஞாண் கயிறுதான் பெல்ட். ஒரு சாண் அகலத்துக்குத் துணியை நீளமாக மடித்து, முன்னால் கயிற்றில் செருகி, கால் இடுக்கில் கொண்டுபோய், பின்னால் செருகினால் முடிந்தது. ஊக்கு வேண்டாம், எலாஸ்டிக் வேண்டாம். ஆண் குழந்தைக்கு முன்பக்கம் ஒரு மடிப்பு கூட, பெண் குழந்தைக்கு நடுவில் ஒரு மடிப்பு கூட. கயிறு இறுகினால் பிள்ளை சதை போடுகிறது என்று அர்த்தம், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார்கள். எடை மிஷின் இல்லாத வீட்டில் அதுவே கணக்கு. இப்போது அதே கயிறு டயப்பர் எலாஸ்டிக்குக்கு அடியில் சிக்கி இடுப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுகிறது. டயப்பர் போடும்போது கயிற்றை மேலே தூக்கிவிடுங்கள்.

உண்மையான வேலை துவைப்பதில் இருக்கிறது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். எடுத்ததும் சுடுதண்ணீர் ஊற்றினால் கறை நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்புத்தூள், 10 லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். நுரை முழுதாகப் போகிற வரை குறைந்தது மூன்று அலசல். சேலத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போர்வெல் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக இழையில் படியும். பத்தே துவையலில் துணி அப்பளம் மாதிரி விறைக்கும், உறிஞ்சாது, தொடையை உரசும். குழந்தைக்குச் சிவந்துபோனதும் "துணி சேரல" என்பார்கள். சேராதது தண்ணீர். துவைப்பது உப்புத் தண்ணீராக இருந்தாலும் கடைசி அலசலுக்கு ஒரு வாளி காவிரித் தண்ணீரை ஒதுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் கடைசி வாளியில் கால் டம்ளர் வினிகர். டெட்டாலைத் தினமும் ஊற்றாதீர்கள், அதன் மிச்சமே தோலை எரிக்கும். வெயில் போதும், தாய்ப்பால் மலத்தின் மஞ்சள் கறையை நம்ம ஊர் வெயில் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும்.

வெயில் சேலத்துக்குச் சரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் கதை வேறு. 1,500 மீட்டர் உயரம், மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் காயாது. கீழே 24 துணியில் சமாளிக்கிற வீடு மேலே 40 வைத்திருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை நாற்றம் ஏறும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சை. ஓரளவு காய்ந்ததும் நல்ல சூட்டில் இஸ்திரி போட்டு முடிப்பதுதான் வழி. எஸ்டேட் லைன் வீட்டில் மழை மாதத்தில் டயப்பர் போடுகிற தாயிடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது எனக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று.

சரி, டயப்பர். உள்ளே இருப்பது மூன்றே அடுக்கு. தோலில் படுவது ஈரத்தைக் கீழே அனுப்பிவிடும் மெல்லிய பாலிபுரொப்பிலீன், நடுவில் மரக்கூழ்ப் பஞ்சோடு சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை, வெளியே கசியாத பிளாஸ்டிக். அந்தக் குருணை வெறும் தண்ணீரென்றால் தன் எடையைப் போல 200, 300 மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் 30 மடங்கு அளவோடு நின்றுவிடும். இந்த உறிஞ்சு பொருளின் ஆரம்பகால வகை ஒன்றை 1970-களில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் மக்காச்சோள ஸ்டார்ச்சை வைத்துத்தான் செய்தார்கள். மரவள்ளி ஸ்டார்ச்சில் பிழைக்கிற நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு சின்னச் சொந்தம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

போடுவதில் நடக்கும் தப்புகள் அநேகமாக ஒரே மாதிரிதான். தொடையோரம் இருக்கும் சுருக்குப் பட்டையை விரலால் வெளியே இழுத்துவிட மறப்பார்கள். அது உள்ளே மடங்கியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த டயப்பரும் ஒழுகும். ஆண் குழந்தைக்குக் குறியைக் கீழ்நோக்கி வைக்காவிட்டால் சட்டை நனையும். தொப்புள்கொடி விழாத குழந்தைக்கு இடுப்புப் பட்டையைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். வயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மலம் முதுகுப் பக்கம் ஏறுகிறதா, சைஸ் சின்னதாகிவிட்டது. வயசைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டில் கிலோ போட்டிருப்பதைப் பாருங்கள். மஞ்சள் கோடு நீலமாவது நனைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மலம் போனால் அந்த நிமிடமே. "பன்னிரண்டு மணி நேரம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பகலிலும் ஒன்றையே ஓட்டுகிறவர்களுக்குத்தான் புண் வருகிறது. தோலில் ஜெல் உருண்டை ஒட்டியிருந்தால் விஷம் என்று பதற வேண்டாம். அளவுக்கு மேல் நிரம்பி உள்ளுறை கிழிந்திருக்கிறது. துடைத்துவிட்டு மாற்றுங்கள்.

புண் எப்படி வருகிறது? ஈரத்தில் ஊறிய தோல் மெலிந்துபோகும். சிறுநீரும் மலமும் கலந்தால் அமோனியா உண்டாகித் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறையும். அந்த நிலையில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் தோலையே அரிக்க ஆரம்பிக்கும். அதனால் தடுப்பதற்குத் தேவை ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சுவர். ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தோசைக்குப் பொடி தடவுவது போல மெல்லிசாகத் தேய்த்தால் பிரயோஜனமில்லை. வெள்ளையாகத் தெரிகிற மாதிரி கனமாகப் பூச வேண்டும். அடுத்த தடவை மேலே உள்ள அழுக்கை மட்டும் துடையுங்கள், களிம்பைச் சுரண்ட வேண்டாம். கூடவே தினமும் அரை மணி நேரம் ஒன்றும் போடாமல் காற்றாட விடுங்கள். மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாக, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியோடு இருந்தால் அது பூஞ்சை, ஜிங்குக்கு அடங்காது. மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, மூன்று மருந்து கலந்த ட்யூபை வாங்கித் தடவாதீர்கள். பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். டயப்பர் மூடிய இடத்தில் அது இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

துணி போய் டயப்பர் வந்ததில் நிஜமாகவே தொலைந்த ஒன்று உண்டு. எண்ணிக்கை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைத்தால் பால் போதுகிறது என்று பொருள். துணி கட்டிய வீட்டில் கொடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டயப்பர் அதை விழுங்கி வைத்துக்கொள்கிறது. "பால் பத்தல" என்ற பயத்தில் பவுடர் பால் டப்பா உள்ளே வருகிறது. முதல் இரண்டு வாரம் பகலில் துணி, ராத்திரியும் வெளியூர்ப் பயணமும் டயப்பர் என்று வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். டயப்பரே போடுகிறவர்கள் புதுசு ஒன்றையும் கழற்றியதையும் இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள், நனைத்தது கனத்தில் தெரியும்.

குளிப்பாட்டுவதில் பழைய ஆட்களின் கைத்திறனுக்கு ஈடு இல்லை. மணையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி ஒட்டி வைத்தால் நடுவில் வருகிற பள்ளமே தொட்டி. எண்ணெய் தேய்த்த குழந்தை வழுக்கும். ஆனால் அந்தப் பள்ளத்திலிருந்து உருளாது. ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், ஐந்து நிமிடம் நீவல், முழங்கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், அதாவது 37, 38 டிகிரி. கழுத்து மடிப்பில் தயிர் போலத் திரளும் பாலைத் துடைப்பது. இவ்வளவும் வைத்துக்கொள்ள வேண்டியவை.

விட வேண்டியவை: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது (நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா), வாய்க்குள் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது, குழந்தையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது (சீழ் பிடிக்கும்), சாம்பிராணிப் புகை, பவுடர், கண்ணுக்குள் மை, தொப்புளில் எதையாவது வைப்பது. சேனை (பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்), கழுதைப்பால், உரைமருந்து எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம், தண்ணீர்கூட. மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்ற நம்பிக்கையையும் இந்த விட வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கால் வரை இறங்கினால் ஆஸ்பத்திரிதான். இதைச் சொன்னால் ஆயாக்களுக்குக் கோபம் வரும், வரட்டும். நம் நாட்டில் பச்சிளம் குழந்தைகளின் டெட்டனஸ் ஒழிந்துவிட்டது என்று 2015-ல் அறிவிக்க முடிந்ததற்கு, தடுப்பூசியோடு, தொப்புளில் சாம்பல் வைக்கிற வழக்கம் குறைந்ததும் ஒரு காரணம்.

ஏற்காட்டுக் குளிருக்குத் தனியாக ஒன்று. குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு, நல்லது. வயிறு சூடு, பாதம் சில்லிப்பு என்றால் குளிர் ஏறுகிறது. அம்மாவின் மார்போடு தோல் படப் போட்டு மேலே போர்த்துங்கள். இரண்டும் சில்லிட்டால் அப்படியே அணைத்தபடி ஆஸ்பத்திரிக்கு. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துச் சூடாக்குவது கொலை.

பழக்கத்தில் திரும்பக் கொண்டுவரலாம் என்று நான் நினைப்பது ஒன்றே ஒன்று. அம்மாயி தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சற்று விலக்கி, அதன் மேல் குழந்தையைக் குந்த வைத்து "ஸ்ஸ்ஸ்..." என்பாரே, அது. தூங்கி எழுந்ததும், பால் குடித்துக் கால் மணி நேரம் கழித்தும் வைப்பார்கள். பிள்ளைக்கு அடக்குகிற சக்தி ஒன்றரை, இரண்டு வயசுக்குப் பிறகுதான் வரும். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் போவதற்கும் உள்ள தொடர்பு முன்பே பதிந்துவிடும். தலை நின்ற பிறகு டயப்பர் போடும் வீட்டிலும் காலையில் ஒரு தடவை செய்யலாம். பிரீகேஜி சேர்க்கும் நேரத்தில் பதறத் தேவையிருக்காது.

குப்பை பற்றி ஒரு வார்த்தை. மலத்தைத் தட்டிவிட்டு, சுருட்டி, அதன் பட்டையாலேயே ஒட்டி, காகிதத்தில் பொதிந்து கொடுங்கள். 2016-ன் திடக்கழிவு விதிகளே இப்படிப் பொதியச் சொல்லியிருந்தன. காரில் ஏற்காடு போகிறவர்கள் வளைவில் நிறுத்தி மாற்றிவிட்டுச் சரிவில் வீசுகிறார்கள், குரங்கு அதை எடுத்துப் பிய்க்கிறது. பையில் போட்டு ஊருக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்த தடவை குழந்தை பார்க்கப் போகும்போது பவுடர், சோப்பு, எண்ணெய் அடுக்கிய அந்தப் பரிசுப் பெட்டி வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி வேட்டி இரண்டைக் கிழித்து, துவைத்து, மடித்து எடுத்துப் போங்கள். ஏற்காட்டு வீடென்றால் நாலு. போன இடத்தில் வாளியில் ஊறுவதை அலசிக் காயப்போட்டுவிட்டு வாருங்கள், அந்த இரண்டு மணி நேரம் அவள் தூங்கட்டும்.