எங்கள் வாசலில் நின்று பேசியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். பழைய ஊட்டியைச் சுற்றிக்காட்ட 20 பேரை அழைத்து வந்தவர், பழைய வீடொன்றை இடித்த இடத்தில் சுவரோடு சுவராக எழுந்த ஆறு புதிய வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டு வாசலில் நின்று, "வெளியூர்ப் பணம் ஓர் ஊரைக் கொன்றதற்கு இதுவே சாட்சி" என்றார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது.

குடியிருக்க ஆளில்லாதபோதுதான் ஓர் ஊர் சாகிறது. இந்த ஆறு வீடுகள் எழும்பும் முன் இங்கே தகரக் கூரை சரிந்து, உண்ணிச்செடி மண்டிய ஒரு பூட்டிய வீடு பல மழைக்காலங்களைக் கடந்து நின்றது. அப்போது எந்த வரலாற்று ஆர்வலரும் அதன் முன்னால் நின்று கண்ணீர் விட்டதாக எனக்கு நினைவில்லை.

"அதற்காக இடித்துவிடுவதா?" என்பீர்கள். தெருவைப் பார்த்த கல்சுவர் அப்படியே இருக்கிறது. 1993-ஆம் ஆண்டு மலைநகரக் கட்டட விதிகள் வகுத்த 7 மீட்டரை எங்கள் கூரை தாண்டவில்லை. அவர் நடையைத் தொடங்கிய புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்திரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. அங்கே அது வரலாறு. எங்கள் வாசலில் மட்டும் கொலையாகிவிடுகிறது.

வாடகை ஏறியதால் பக்கத்துத் தையல்காரர் கடையைக் காலி செய்தார் என்பதும் உண்மைதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் தெருவில் தங்கும் விடுதியாக மாறாமல், மே மாதக் கூட்டம் இறங்கிப்போன பிறகும் விளக்கெரியும் வீடுகள் எத்தனை என்று அவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

நான் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் எங்கள் வீட்டில் தம்பி விழித்துக்கொள்வான். பள்ளியில் 'லைன் வீட்டுப் பிள்ளை' என்பது ஏச்சுச்சொல். இன்று அதே பொதுச்சுவர், அதே வரிசை. 'டவுன்ஹவுஸ்' என்று பெயர் சூட்டி, நாங்கள் இருபது ஆண்டுகள் கட்ட வேண்டிய கடனோடு கொடுக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆயினும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு இந்த மலைக்கு அந்நியமானதென்று சொல்பவர், இந்த மலையின் படகர் மக்கள் வாழும் ஹட்டி எனும் ஏதேனும் ஒரு சிற்றூருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். ஜனவரி உறைபனியில் நடுவீட்டுக்காரர்களான எங்களை இருபுறச் சுவர்களே காக்கின்றன. ஓரத்து வீட்டு அக்கா மாலை ஆனதும் கம்பளியோடு எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார்.

வெளியூர்ப் பணமாம். என் அப்பா முப்பது ஆண்டுகள் தேயிலை ஆலையில் இரவுப்பணி பார்த்தவர். இந்த மலையில் அவருக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூட இருந்ததில்லை. அவர் மகள் ஒரு கதவுக்குச் சொந்தக்காரியான பிறகுதானா ஊரின் அழகு கெட்டுப்போயிற்று? பழைமையை நேசிக்கிறேன் என்பவர்களின் பழைமையில் துரைமார் பங்களாக்களுக்கு இடமிருக்கிறது. எங்கள் லைன் வீடுகளை ஒருவரும் சுற்றிக்காட்டியதில்லை.

அந்தக் காணொளியில் எங்கள் கதவெண் தெளிவாகத் தெரிகிறது. கருத்தை மாற்ற வேண்டாம், அந்த எண்ணை மட்டுமாவது மறைத்துவிடுங்கள்.