544 ஸ்டெப்பும் ஒரு கம்ப்யூட்டர்தான்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆளாளுக்கு லிங்கை அனுப்பி, "உங்க மெஷினைப் பத்தித்தான் பேசறாங்க, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டீர்கள். பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

கதை உங்களுக்குத் தெரியும். கேசியோ பிபி-100 என்ற, சட்டைப் பைக்குள் அடங்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் பேரு கம்ப்யூட்டராம்" என்று வீடியோ போட்ட தம்பி சிரிக்கிறார். ஒரு வரி தட்டுகிறார். திரையில் எரர் 2 வருகிறது. மறுபடியும் சிரிப்பு. கடைசியில் அதைக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். கீழே வரிசையாக "பொம்மை", "பொம்மை" என்று கமெண்ட்.

எரர் 2 என்றால் என்ன? தட்டிய கட்டளையில் பிழை இருக்கிறது என்று அர்த்தம். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிரிண்ட் என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். 1980களில் செய்த மெஷின், பேட்டரி போட்டதும் கண் விழித்து, "நீங்கள் தட்டியது தப்பு" என்று சரியாகச் சொல்லியிருக்கிறது. தப்பு செய்தது ஒருவர், சிரிப்புக்கு ஆளானது இன்னொன்று. அது பொம்மை இல்லை. பொம்மைக்கு நம் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

"கால்குலேட்டர்தானே சார், எதுக்கு இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்குலேட்டர் இல்லை. கால்குலேட்டர் நாம் சொன்ன கணக்கைப் போடும், அத்துடன் நின்றுவிடும். இது கேள்வி கேட்கும், பதிலை வாங்கி வைத்துக்கொள்ளும், "இப்படி என்றால் இந்த வரிக்குப் போ, இல்லையென்றால் அந்த வரிக்குப் போ" என்று நாம் எழுதியதைப் படித்து முடிவெடுக்கும். புரோகிராம் எழுத பேசிக் என்ற மொழி, டைப்ரைட்டர் வரிசையில் எழுத்துகள் அடுக்கிய கீபோர்டு, தனித்தனியாகப் பத்து புரோகிராம் வைக்க இடம். ஷார்ப் நிறுவனத்தின் பிசி-1211 வந்தது 1980இல். அதையே டாண்டி நிறுவனம் டிஆர்எஸ்-80 பாக்கெட் கம்ப்யூட்டர் என்ற பெயரில் விற்றது. பிறகு இந்த பிபி-100ஐயும் பிசி-4 என்று பெயர் மாற்றி விற்றார்கள். பாக்கெட் கம்ப்யூட்டர் என்பது நான் பாசத்தில் வைத்த பெயர் இல்லை. அதன் பெயரே அதுதான்.

சரி, திரையில் 12 எழுத்துதான் தெரியும். ஒத்துக்கொள்கிறேன். ஒரு வரியில் 62 எழுத்து வரை தட்டலாம், தெரிவது 12. மீதியை அம்புக்குறியை அழுத்தி நகர்த்தி நகர்த்தித்தான் படிக்க வேண்டும். மெமரி 544 ஸ்டெப். ஸ்டெப் என்றால் புரோகிராமில் ஓர் எழுத்தோ ஒரு கட்டளைச் சொல்லோ பிடிக்கிற இடம். ஓஆர்-1 என்ற சின்ன அட்டையைச் செருகினால் 1,568. என்னிடம் அந்த அட்டை கடைசி வரை இருந்ததில்லை.

அந்த 544ஐ எப்படிச் செலவு செய்தோம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புரோகிராம் எழுதும்போது, மீதி எத்தனை ஸ்டெப் என்று திரையின் மேல் ஓரத்தில் குட்டி எண்ணாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பிரிண்ட் என்று முழுச் சொல்லையும் தட்டினாலும் உள்ளே அது ஒரே ஸ்டெப். வரி எண் 2 ஸ்டெப். அதனால் இரண்டு வரிகளை முக்காற்புள்ளி போட்டு ஒன்றாக்கினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். "நீளம் எவ்வளவு" என்று கேட்கும் இடத்தில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் போட்டால் இன்னும் கொஞ்சம். எண்களைப் போட்டு வைக்க ஏ முதல் இசட் வரை 26 மாறிகள். போதவில்லை என்றால் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 8 ஸ்டெப் புரோகிராமிலிருந்து கழியும். சிக்கனமாக யோசிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் குட்டி எண்தான். பொம்மை சொல்லிக் கொடுக்குமா இதை?

நான் அப்போது சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். நில அளவையில் டிராவர்ஸ் என்று ஒன்று உண்டு. ஒரு புள்ளியில் ஆரம்பித்து, பக்கம் பக்கமாக நீளத்தையும் கோணத்தையும் அளந்து, சுற்றிக்கொண்டு ஆரம்பித்த புள்ளிக்கே வர வேண்டும். ஒவ்வொரு பக்க நீளத்தையும் அதன் கோணத்தின் கொசைனால் பெருக்கி ஒரு கூட்டல், சைனால் பெருக்கி இன்னொரு கூட்டல். இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் அளந்தது சரி. வரவில்லை என்றால் எங்கேயோ சொதப்பியிருக்கிறோம். மற்ற குழுக்கள் அறைக்குத் திரும்பி, மடக்கை அட்டவணையைப் பிரித்து, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, மறுநாள் தப்பு தெரிந்து மறுபடி வெயிலுக்கு வருவார்கள். நான் நின்ற இடத்திலேயே நீளத்தையும் கோணத்தையும் தட்டுவேன். கோணத்தில் வரும் நிமிஷத்தை 60ஆல் வகுத்து டிகிரியுடன் சேர்க்கிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ஒரு நாள் கடைசிப் பக்கத்தைத் தட்டியதும் கூட்டல் 10 மீட்டர் இடித்தது. அளக்கிற சங்கிலி இன்னும் தரையில்தான் கிடந்தது. ஒரு பக்கத்தில் ஒரு பத்து மீட்டரை எண்ணாமல் விட்டிருந்தோம். அங்கேயே திரும்ப அளந்து, அங்கேயே முடித்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருவனிடம் வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. டிவியில் கலர் கலராகப் படம் வரும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது மேசையை விட்டு நகராதே! என்னுடையது சட்டைப் பையில் இருந்தது. கணக்கு எங்கே தேவையோ அங்கே இருந்தது. இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. ஆசிரியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் "அந்தப் பொம்மையை உள்ளே வை" என்றபோதும் சொல்லவில்லை. உள்ளே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லைத்தான் இந்த வாரம் மறுபடி கேட்டேன்.

"போன்ல இதைவிட ஆயிரம் மடங்கு இருக்கே" என்கிறீர்கள். இருக்கிறது. யார் இல்லை என்றது? இன்றைக்கு இருப்பதை வைத்து அன்றைக்கு இருந்ததை அளந்தால் எதுதான் மிஞ்சும்?

"பழசை நினைச்சு உருகுறீங்க" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உருகுகிறவன் கஷ்டத்தை மறந்துவிடுவான். நான் மறக்கவில்லை. அதில் இரண்டு பட்டன் பேட்டரி. அவற்றைக் கழற்றி மாற்றினால் உள்ளே இருந்த புரோகிராம் எல்லாம் காலி. டேப் ரெக்கார்டரில் சேமிக்க எஃப்ஏ-3 என்று ஒரு இணைப்புக் கருவி உண்டு, அதுவும் என்னிடம் இல்லை. ஒரு தேர்வுக்கு முந்தின ராத்திரி எழுத்துகள் மங்க ஆரம்பித்தன. பேட்டரியை மாற்றினேன். இரண்டு மாத உழைப்பு போயிற்று. நோட்டில் எழுதி வைக்காதது என் தப்பு. அன்றைக்கு அழுதேன். அப்புறம் விடிய விடிய நினைவிலிருந்து திரும்பத் தட்டினேன். முன்பைவிட 40 ஸ்டெப் குறைவாக வந்தது. கஷ்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது நல்ல மெஷின்.

உண்மையில் எனக்கு வலித்தது எரர் 2 இல்லை. வீடியோவின் நடுவில் ஓர் இடத்தில் "காசு இல்லாதவங்க வாங்கினது" என்று ஒரு வார்த்தை வருகிறது. ஆமாம். காசு இல்லாதவர்கள் வாங்கியதுதான். நான் கேட்டது பெரிய மாடல். அப்பா விசாரித்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் இதை என் கையில் கொடுத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர், "இதுல ஆரம்பி. போதலைன்னா பாக்கலாம்" என்றார். போதவில்லை என்று நான் திரும்பப் போய்ச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விலை குறைவாக ஒன்று வந்ததால்தான் அப்பாவால் கம்ப்யூட்டர் என்ற ஒன்றை என் கையில் வைக்க முடிந்தது. குறைந்த விலையில் வந்தது அதன் பெருமை. அதை வாங்கியவர்களைக் கேலி செய்கிற உரிமை யாருக்கும் இல்லை, பார்வையாளர்கள் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும்.

என்னுடையது இன்னும் வேலை செய்கிறது. நேற்று ராத்திரி புது பேட்டரி போட்டு, பழைய நோட்டைப் பார்த்து அந்த டிராவர்ஸ் புரோகிராமை மறுபடி தட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தட்ட முடிந்தது. அன்றைக்குப் பத்து மீட்டர் இடித்த அதே அளவுகளைக் கொடுத்தேன். அதே பத்து மீட்டர் வந்தது.

தம்பி, இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியாது. குப்பைத் தொட்டியில் போட்டதை இன்னும் அள்ளிக்கொண்டு போகவில்லை என்றால் எடுத்துத் துடைத்து எனக்கு அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.