என்ர மகனிட்ட வாய்ப்பாடு கேட்டவருக்கும், பக்கத்தில நிண்டு சிரிச்சவங்களுக்கும்

அந்த வீடியோ எனக்கும் வந்தது. முதல்ல சபைக் குரூப்பில, பிறகு சொந்தக்காரர் குரூப்பில. கடைசியா என்னோட படிச்ச ஒருத்தி "இது உன்ர மகன்தானே?" எண்டு தனியா அனுப்பிக் கேட்டாள். ஓம், என்ர மகன்தான். மட்டக்களப்பில, பள்ளிக்கூடம் அனுப்பாமல் நாங்க வீட்டிலயே படிப்பிக்கிற மூத்தவன். ஒரு பிறந்தநாள் வீட்டில எடுத்த வீடியோ. சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறது அவன்தான். ஆறேழு எத்தினை எண்டு கேட்க, "நாற்பது..." எண்டு இழுத்து அப்படியே நிண்டுபோனதும் அவன்தான். பின்னால கேட்கிற சிரிப்பு ஆருடையது எண்டு குரலை வச்சே சொல்லுவன். ஆனா பேர் போட மாட்டன். என்ர பிள்ளைக்கு நடந்ததை இன்னொருத்தருக்குச் செய்ய எனக்கு மனசில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பள்ளிக்கூடம் போற பிள்ளையை இப்படி நடு ஹோலில நிறுத்திக் கேட்பீங்களா?

அந்தப் பிறந்தநாள் வீட்டில வேற பிள்ளைகளும் நிறைய இருந்தாங்க. கேக் சாப்பிட்டாங்க, பலூன் உடைச்சாங்க, போன் பார்த்தாங்க. ஒருத்தரிட்டயும் ஆரும் வாய்ப்பாடு கேட்கல்ல. என்ர மகனை மட்டும் கூப்பிட்டு, "எங்க, வீட்டுப் பள்ளிக்கூடத்தில என்ன படிச்ச, சொல்லு பாப்பம்" எண்டு கேட்க, பக்கத்தில ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடிச்சார். வாய்ப்பாட்டுக்கு முதல் இலங்கையின்ர ஒன்பது மாகாணமும் கேட்டவர். பிள்ளை ஒன்பதையும் சொன்னான். (கேட்டவர் படிச்ச காலத்தில வடக்கும் கிழக்கும் ஒண்டா இருந்தது. எட்டு எண்டு சொல்லியிருந்தாலும் அவர் சரி எண்டுதான் சொல்லியிருப்பார்.) அந்த ஒன்பது மாகாணமும் வீடியோவில இல்லை. ஆறேழு மட்டும் இருக்கு, சிரிப்போட.

"பகிடிக்குத்தானே அக்கா, இதையெல்லாம் பெரிசு படுத்துறீங்க" எண்டு சொல்ல வாறவங்களுக்கு: பகிடி எண்டா ரெண்டு பக்கமும் சிரிக்க வேணும். அண்டைக்கு இரவு அவன் பாயில படுத்துக்கொண்டு "நாற்பத்திரெண்டு, நாற்பத்திரெண்டு" எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டு கிடந்தான். விடை அவனுக்குத் தெரியும். போன் பிடிச்சுக்கொண்டு நாலு பெரிய ஆக்கள் சுத்தி நிண்டா உங்களுக்கும் நாக்கு எழும்பாது. வங்கியில படிவம் நிரப்பேக்க பின்னால ஒருத்தர் எட்டிப் பார்த்தாலே சொந்த அடையாள அட்டை நம்பரை மறக்கிற ஆக்கள்தானே நாங்க.

எங்கட வீட்டில என்ன நடக்குது எண்டு கேட்கிறவங்களுக்காகச் சொல்றன். கேட்காதவங்களுக்கும் சேர்த்துத்தான்.

இவர் கல்முனை பஸ் பிடிக்க வெளிக்கிடுறதுக்குள்ள பிட்டு அவிச்சு, சம்பல் இடிச்சு முடிக்க வேணும். இவர் போன பிறகு ஜெபம், வேதப் பகுதி. மூத்தவன் வாசிப்பான், நடுவில் உள்ளவள் மனன வசனம் சொல்லுவாள், சின்னவன் மேசைக்குக் கீழ இருந்து கொப்பியைக் கிழிப்பான். பிறகு கணக்கு. கணக்குக்கு நடுவில மீன்காரர் மணி அடிப்பார். நானும் மூத்தவனும் படலைக்குப் போவம். நிறுத்து, விலையைப் பெருக்கி, மிச்சக் காசு எண்ணி வாங்கிறது அவன்தான். அவன் கணக்குப் பிழைச்சா மீன்காரரே திருத்துவார். அவர் ஒருநாளும் வீடியோ எடுத்ததில்லை. அதுக்குப் பிறகு தமிழ், சுற்றாடல். பகல் சின்னவன் படுத்தா இங்கிலீஷ், படுக்காட்டி இங்கிலீஷ் இல்லை. பின்னேரம் வளவில விளையாட்டு, சில நாளைக்குக் கல்லடிக் கடற்கரை. மாரியில ஜாம் போத்தல் ஒண்டை வெளியில வச்சு அடிமட்டத்தால மழையை அளந்து எழுதுவாங்க. வெள்ளம் ஏறேக்க முகத்துவாரத்தை ஏன் வெட்டி விடுறாங்க, வெட்டினா வாவித் தண்ணி எப்படி உப்பாகும், எந்த மீன் உள்ள வரும் எண்டு மகனிட்ட கேளுங்க. அதையும் வீடியோ எடுங்க. எடுக்க மாட்டீங்க, சிரிக்க ஒண்டும் இராதே.

எல்லா நாளும் இப்படி அழகாப் போகாது. கத்துற நாளும் இருக்கு. தொலைக்காட்சியைப் போட்டு இருத்திப்போட்டு நான் குசினியில நிண்டு அழுத நாளும் இருக்கு. பள்ளிக்கூடம் விடுற அம்மாமாருக்கும் அப்படி நாள் இல்லையா என்ன? ஆனா அவங்களிட்ட ஆரும் கணக்குக் கேட்கிறதில்லை.

புத்தகம் எங்கேயிருந்து எண்டு ஒருத்தர் கேட்டிருந்தார், "அமெரிக்கக்காரன் அனுப்புறானா" எண்டு. ஏ.சி.ஈ., அபேக்கா எண்டு கிறிஸ்தவப் பாடத்திட்டங்கள் இருக்கு, உண்மை. டொலரில வாங்க வேணும். 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் பாய்ஞ்சதைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி கேட்கிறவருக்கு நான் என்ன சொல்ல? எங்கட வீட்டில இருக்கிறது அரசாங்கப் பாடப்புத்தகம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில பி.டி.எஃப். ஆகவே கிடக்கு. உங்கட பிள்ளை படிக்கிற அதே புத்தகம்தான். உங்கட பிள்ளை ஸ்கூல் பேக்கில கொண்டுபோகுது, என்ர பிள்ளை குசினி மேசையில விரிக்குது.

இனி சட்டம். 5 வயசில இருந்து 16 வயசு மட்டும் கட்டாயக் கல்வி, 2016 இல 14 ஐ 16 ஆக்கினது, எல்லாம் தெரியும். எனக்குச் சட்டம் படிப்பிக்க வாறவங்க கொஞ்சம் பொறுங்க. ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். கொப்பி பார்த்தார், பிள்ளைகளோட கதைச்சார், தேத்தண்ணி குடிச்சார், எழுதிக்கொண்டு போனார். மரியாதையான மனிசன். கேள்வி கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது, அவர் பிள்ளையைப் பக்கத்தில இருத்தி வச்சு மெதுவாக் கேட்டார். உரிமை உள்ளவர் அப்படி. உரிமை இல்லாதவர் எப்படி எண்டு வீடியோவில பார்த்தீங்கதானே.

"ரீச்சர்மாரை அவமதிக்கிறீங்க" எண்டும் ஒரு கொமெண்ட். தம்பி, நானும் ரீச்சரா இருந்தவள். தொண்டர் ஆசிரியரா, வாவிக்கு அங்கால படுவான்கரையில. மண்முனைப் பாலம் 2014 இல திறக்க முதல் 'பாதை' எண்டுற மிதவையில ஏறித்தான் வாவியைக் கடக்கிறது. காத்துக்கு சீலையைப் பிடிக்கிறதா, கொப்பிக் கட்டைப் பிடிக்கிறதா எண்டு தெரியாது. அந்தப் பிள்ளைகளை இண்டைக்கும் நினைச்சால் நெஞ்சு நிறையும். சோறு சாப்பிடாமல் நடந்து வந்து முன் வாங்கில இருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கும். அங்க படிப்பிச்ச சேர்மாரையும் ரீச்சர்மாரையும் ஒருநாளும் குறைவா ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்.

ஆனா அங்கதான் அந்தப் பிள்ளையையும் பார்த்தன். அஞ்சாம் வகுப்பு, கெட்டிக்காரி, பாட்டு எழுதுவாள். புலமைப்பரிசில் பரீட்சை அண்டு விடிய, வெள்ளைச் சட்டையோட மண்டபப் படியில இருந்து சத்தி எடுத்தாள். பத்து வயசு. தகப்பன் முதுகைத் தடவிக்கொண்டு "பரவாயில்ல மனே, எழுதிட்டு வா" எண்டு சொல்றார், அவர்ர கையும் நடுங்குது. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழ வந்தாள். பெறுபேறு வந்த கிழமை பஸ்ஸில, கடையில, கோயில் வாசலில எல்லாரும் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "எத்தினை புள்ளி?" அவள் எழுதின பாட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கல்ல. பிறகு அவள் வகுப்பில கையே உயர்த்தினதில்லை.

சரி, இப்ப நீங்க சொல்லுவீங்க, "பள்ளிக்கூடம் போற பிள்ளைகளிட்டயும் கேட்கிறம்தானே" எண்டு. ஓம், கேட்கிறீங்க. நல்லாத்தான் கேட்கிறீங்க. புலமைப்பரிசிலில இருநூறுக்கு எத்தினை எண்டு கேட்கிறீங்க. மூண்டாம் வகுப்பிலயே ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன், சண்டே ஸ்கூலுக்கு வர நேரமில்லை. பாஸ் பண்ணினா சந்திக்குச் சந்தி பதாகை, பிள்ளையின்ர படம், கீழ புள்ளி. பாஸ் பண்ணாட்டி அந்த வீட்டில அண்டைக்குச் சமையலே இல்லை. இந்த ஊருக்கு ஒரு பிள்ளையைப் பார்த்தா "சாப்பிட்டியா" எண்டு கேட்கத் தெரியும், "எத்தினை புள்ளி" எண்டு கேட்கத் தெரியும். இடையில ஒண்டும் தெரியாது.

சபைக்குள்ள இருந்து வந்த கதைதான் கூட நோகுது. மூத்த அக்கா ஒருத்தர் எழுதியிருந்தா: மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் 1814 இல கடல் கடந்து வந்து இந்த மண்ணில பள்ளிக்கூடம் தொடங்கினார், அந்தச் சபையில பிறந்த நீ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில இருந்து எடுக்கிறாய் எண்டு. அக்கா, ஓல்ட் ஐயரின்ர கதை என்ர பிள்ளைகளுக்குத் தெரியும். கப்பலிலயே மனைவியைப் பறிகொடுத்திட்டு வந்து இறங்கினவர். அடுத்த வருசமே அவரும் இங்க மண்ணுக்குள்ள போயிட்டார். சிலையடியில கூட்டிக்கொண்டு போய் நிறுத்தித்தான் சொல்லிக் குடுத்தன். அவர் வந்தது எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எழுத்துக் குடுக்க. இருநூறுக்கு எத்தினை எண்டு கேட்க இல்லை. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில வீட்டில இருக்கேக்கயும் வழியில நடக்கேக்கயும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு எண்டு பெற்றோருக்குத்தான் சொல்லியிருக்கு. அதை நான் அப்படியே எடுத்துட்டன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலயும் சமயபாடம் இருக்கு எண்டு சொல்லுவீங்க. இருக்கு. நான் படிப்பிச்ச இடத்தில கிறிஸ்தவ சமயத்துக்கு ரீச்சர் இல்லாமல் நாலு பிள்ளைகள் அந்தப் பாடவேளை முழுக்க வேப்ப மரத்துக்குக் கீழ இருந்ததும் எனக்குத் தெரியும்.

"பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் வராது, ஆக்களோட சேரத் தெரியாது" எண்டு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மச்சாள்மார்ர பிள்ளைகள், சபைப் பிள்ளைகள், காத்தான்குடியில இருந்து துணி கொண்டு வாற நானாவின்ர மகன், எல்லாரும் எங்கட வளவிலதான். சேர்ந்து பழகப் பிள்ளைகளைப் பிறந்தநாள் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனன். நடந்ததைப் பார்த்தீங்க. ஆக்களோட சேரத் தெரியாதது ஆருக்கு எண்டு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு கொமெண்ட் இருந்தது. எழுதினவர் பிறகு அழிச்சிட்டார், ஆனா நான் வாசிச்சிட்டன். "2019 க்குப் பிறகு பயந்து பிள்ளைகளைப் பூட்டி வச்சிருக்குதுகள்" எண்டு.

இதைப் பற்றி எழுதக் கூடாது எண்டுதான் இருந்தன். அந்த உயிர்த்த ஞாயிறு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில செத்துப்போன பிள்ளைகள் சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளியில வந்து நிண்ட பிள்ளைகள். இந்த ஊரில அந்தச் சத்தம் கேட்காத வீடு இல்லை. அப்ப மூத்தவன் சின்னப் பிள்ளை. எனக்குப் பயம் இருக்கா? இருக்கு. உங்களுக்கு இல்லையா? ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்க. பயத்திலதான் செய்யிறதெண்டா நான் நிப்பாட்டியிருக்க வேண்டியது சபைக்குக் கூட்டிக்கொண்டு போறதை, பள்ளிக்கூடத்தை இல்லையே. ஒவ்வொரு ஞாயிறும் மூண்டு பிள்ளைகளுக்கும் தலை இழுத்து, சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போறன். வாசல் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்துட்டுத்தான் இருப்பன். போகாமல் விடல்ல. எங்கட வேதனையைத் தூக்கி உங்கட நக்கலுக்குத் தொட்டுக்கொள்ளாதீங்க.

எப்படித் தொடங்கினது எண்டும் சொல்லிவிடுறன். 2022, பொருளாதார நெருக்கடி வருசம். மூத்தவன் அப்பதான் முதலாம் வகுப்பு. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை, பள்ளிக்கூடம் திறக்கிறதும் மூடுறதும், ஒரு கட்டத்தில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சூம் வகுப்பு எண்டா போனில சார்ஜ் இல்லை. நான் குப்பி விளக்கில இருத்தி அ, ஆ சொல்லிக் குடுத்தன். அவன் வாசிக்கத் தொடங்கினான். விளம்பரப் பலகை, அரிசிப் பேக், மருந்துப் பெட்டி, எதைக் கண்டாலும் வாசிப்பு. பள்ளிக்கூடம் ஒழுங்காத் திறந்தபோது இவரும் நானும் இரவிரவாக் கதைச்சம், ஜெபிச்சம், இப்படியே போவம் எண்டு முடிவெடுத்தம். ஆருக்கும் உபதேசம் பண்ணல்ல. உங்கட பிள்ளைகளை நிப்பாட்டுங்க எண்டு ஒரு பதிவாவது போட்டிருக்கிறனா? தேடிப் பாருங்க.

"வேலைக்குப் போகாமல் வீட்டில சும்மா இருக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் சரி" எண்டு சொன்னவவுக்கு: நான் சும்மா இருக்கிற ஒரு நாளைக்கு வாங்கோ. எப்ப எண்டு எனக்கும் சொல்லுங்க, நானும் வீட்டில நிக்கிறன். இவர்ர ஒரு சம்பளத்தில நாங்க எதை எதை விட்டம் எண்டு உங்களுக்குத் தெரியாது, நான் சொல்லவும் மாட்டன்.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எப்படி எழுதுவான் எண்டு கேட்கிறீங்க. தனிப்பட்ட பரீட்சார்த்தி எண்டு ஒரு வழி இருக்கு. அதுக்கு இன்னும் வருசம் கிடக்கு. அது வரைக்கும் உங்கட கவலையை உங்கட பிள்ளைகளுக்காக வச்சுக்கொள்ளுங்க.

நேற்று மாமி போன் எடுத்தா. வீடியோ அவவுக்கும் போயிருக்கு. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நீ சாப்பிடாமல் கொள்ளாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டது பிழைகா. அவர் பெரிய மனிசன். ஒருக்காப் போய்க் கதைச்சிட்டு வா. பேஸ்புக்கில ஒண்டும் எழுதிக் கிழுதிப் போடாத புள்ள" எண்டா.

எழுதிட்டன் மாமி. கதைக்கிறதெண்டா அவர் வரட்டும். முதல்ல மகனோட கதைக்கட்டும். தேத்தண்ணி அதுக்குப் பிறகு தருவன்.