'க்ரோனோஸ்டேசிஸ்' ஷூகேஸ் பாட்டு இல்லை

ஜப்பானிய ராக் இசைக்குழு கினோகோ தெய்கோகுவின் பிரபலமான பாடல்களை ஷூகேஸ் (கிட்டார் இரைச்சலை அடர்த்தியாக அடுக்கும் ராக் வகை) என்று உங்கள் பதிவில் தொகுத்தது நல்ல வேலை. ஆனால் 'க்ரோனோஸ்டேசிஸ்' பாட்டையும் "இரைச்சல் சுவர்" கணக்கில் சேர்த்தது ஒட்டவில்லை. 2014 ஆல்பத்தில் வந்த பாட்டு. டிரம்ஸ் ஹிப்ஹாப் சாயலில் நிதானமாக நடக்கும், கிட்டாரில் கரகரப்பு குறைவு. 350 மில்லி பீர் கேனோடு இரவில் நடந்துபோகிற பாட்டுக்கு அதுவே போதும். 2021இல் ஒரு காதல் படத்தின் கரோக்கே காட்சியில் வந்து இன்னொரு சுற்று பரவியது.

அசல் ஷூகேஸ் வேண்டுமா, 2012இல் வந்த 'உசு நி நாரு' மினி ஆல்பத்துக்குப் போங்கள். 'வேர்ல்பூல்' முதலில், அப்புறம் 'யோரு கா அகேதாரா'. பாடகி சாதோ சியாகியின் குரல் இரைச்சலுக்குள் புதைந்துவிடாது. பிரிட்டிஷ் ஷூகேஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

இன்னொன்று. கிட்டாரில் ரிவெர்பை (பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற முழக்கம்) முழுசாகத் திருப்பினால் இந்த ஒலி வந்துவிடும் என்கிறீர்கள். வராது, குழம்பிப்போகும். டிஸ்டார்ஷன் (கரகரப்பு தருவது) முதலில், டிலே (எதிரொலி தருவது) அடுத்து (350 முதல் 400 மில்லிசெகண்ட், இரண்டு மூன்று எதிரொலி போதும்), ரிவெர்ப் கடைசியில், பாதிக்கும் கீழே. வரிசையைப் புரட்டி ரிவெர்பை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் ரிவெர்பின் நீளும் வாலும் சேர்ந்து நசுங்கும். அது வேறு ருசி, பல தந்திகளைச் சேர்த்து முழு கார்டு (chord) அடித்தால் ஒலி சேறுதான். மிட்டை (ஒலியின் நடு அதிர்வெண்களை) குறைக்காதீர்கள். குறைத்தால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். குறைக்க வேண்டியது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை. அது பேஸ் கிட்டாரின் இடம்.